ராஜகாலுவேயில் ஒரு நீலச் சட்டை

என்னங்க,

டிபன் பாக்ஸுக்கு அடியில் இந்தக் காகிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். ராத்திரி பேச உட்கார்ந்தால் இரண்டு பேருமே தூங்கி விழுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் அபார்ட்மெண்டில் மொட்டைமாடி கழுவ அனுப்பினார்கள். அங்கிருந்து பார்த்தால் ராஜகாலுவே தெரிகிறது. மழையில் ஏரி நிரம்பி வழிவதால் அந்தச் சாக்கடையும் இப்போது ஓடை மாதிரி ஓடுகிறது. கூட வேலை செய்யும் ரக்ஷிதா, அவளுடைய கன்னடம் கலந்த தமிழில், "அக்கா, அங்க நோடு, பாரு! கம்பெனி யூனிஃபார்ம்ல ஒரு ஆளு மீன் பிடிக்குது. டியூட்டி இல்லியா அதுக்கு?" என்று சிரித்தாள்.

பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, நீலச் சட்டையில் தண்ணீருக்குள் நின்றிருந்தார் அந்த ஆள். ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனால் எங்கே பிடித்தது என்று கேட்பார்களே.

"இன்னிக்கி லீவா இருக்கும்டி" என்று சொல்லிவிட்டு மாடியைக் கழுவினேன்.

நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்கத் தெம்பும் இல்லை. இப்போதெல்லாம் உங்கள் சட்டையில் மெஷின் ஆயில் கறையே இல்லை, துவைக்கச் சுலபமாக இருக்கிறது.

பையில் ஒரு லுங்கியும் தேங்காயெண்ணெயும் வைத்திருக்கிறேன். ஈரத்தில் நின்றால் உங்களுக்குச் சேற்றுப்புண் வந்துவிடும். இன்றைக்கு மீன் கிடைத்தால் வீட்டுக்கே கொண்டு வாருங்கள், புளி கரைத்து வைக்கிறேன்.

கழுத்தில் அந்த ஐடி கார்டை மட்டும் இனிமேல் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். குனியும்போது தூண்டில் முள் அதில் சிக்கிக்கொள்ளும்.

உங்கள் வீட்டுக்காரி