எழுப்பாமல் விட்ட மத்தியானம்

குசினிக்குள் கூழ் கொதிக்கிற மணம் வருகிறது, தங்கச்சி. நண்டும் றாலும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் சேர்ந்த மணம். கனடாவால் திரும்பி வந்த நாள் முதல் நான் பகலில் இருந்த இடத்திலேயே தூங்கி விழுகிறேன் என்று உன் அண்ணிக்குப் பெரிய கவலை. வந்த இரண்டாம் நாளே கதிரையைத் தூக்கி முற்றத்து வெய்யிலில் வைத்துவிட்டு, “இஞ்சாருங்கோ, இதிலை வந்து இருங்கோ. தங்கச்சிக்குச் செய்த வைத்தியத்தை உங்களுக்கும் செய்தாத்தான் சரிவரும்” என்றாள். சொன்ன பிறகுதான் யோசித்திருப்பாள் போல. முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

நீ கனடாவால் ஊருக்கு வரும்போதெல்லாம் உன்னை இதே வெய்யிலில்தானே இருத்தினேன். வந்த அன்றே பெட்டியைக் கூடத் திறக்காமல் போய்க் குப்புறப் படுத்துவிடுவாய். நான் விடுவேனா?

“விடுங்கோ அண்ணை, எனக்கு இப்ப அங்கை சாமம்.”

“அங்கை எதெண்டாலும் இருக்கட்டும். இஞ்சை சூரியன் உச்சியிலை நிக்குது. எழும்பு!”

எழும்பாவிட்டால் செம்புத் தண்ணீர் முகத்தில் விழும் என்று உனக்குத் தெரியும். சிணுங்கிக்கொண்டே வந்து இருப்பாய். கிழிந்த வலையின் ஒரு நுனியை உன் கையில் தந்துவிட்டு, மற்ற நுனியில் இருந்து நான் பொத்துவேன். நீ கண் மூடினால் வலை தொய்யும். தொய்ந்தால் ஒரு வெட்டு இழுப்பேன். பிறகு இடுப்பளவு கடலில் ஒரு முழுக்கு, கிணற்றடியில் ஒரு குளிப்பு, மத்தியானம் உறைப்பாய்க் கூழ். கோவிலில் பின்னேர மணி அடிக்கும் வரைக்கும் பாயில் தலை படக்கூடாது. “டொக்டரிட்டைப் போனால் ஒரு குளிசையோடை விட்டிடுவார். உங்கடை வைத்தியம் சித்திரவதை” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். ஆனாலும் மூன்றாம் நாள் விடியப் பூசைக்கு எனக்கு முதல் வெளிக்கிட்டு நிற்பாய்.

இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. இரவுத் தொழிலுக்குப் போகிற ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். திருநாள் வந்தால் கடலுக்குப் போகாமல் நின்று, பகல் நித்திரைக்குப் பழகின உடம்பை இப்படித்தான் திருப்பி எடுப்போம். மற்ற நாட்களில் விடியக் கரைக்கு வந்து மீனைக் கொடுத்துவிட்டு, பகல் முழுக்க அடித்துப் போட்டது போல் கிடப்பேன். நான் தொழிலுக்குப் போகத் தொடங்கின காலத்தில் நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்காத சின்னப் பிள்ளை. என் அறை வாசலில் காவல் இருப்பாய். கோழி வந்தாலும் கலைப்பாய், எங்கள் ஐயா இருமினாலும் வாயில் விரலை வைத்து, “சத்தம் போடாதேங்கோ, அண்ணை தொழிலாலை வந்து படுத்திருக்கிறார்” என்பாய். எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் பகலில் அந்தச் சொல் கேட்கும். உன் வாயில்தான் அதற்குப் பொலிசு அதிகாரம் வந்தது.

போன மழைக்காலம் நீ போன் எடுத்தாய். குரலே மெலிந்திருந்தது. “அண்ணை, ஒருக்கா வாங்கோ. உங்களோடை ஒண்டு கதைக்க வேணும். போனிலை சொல்ல ஏலாது.” கடலைத் தவிர வேறொன்றையும் கடக்காத நான், விசாவுக்கு அலைந்து, பிளேன் ஏறி வந்தேன். நீ சொல்லப் போகிற அந்த ஒன்றைக் கேட்கத்தான் வந்தேன், தங்கச்சி.

ஆஸ்பத்திரியில் நீ மருந்து மயக்கத்தில் கிடந்தாய். மத்தியானத்துக்குப் பிறகுதான் கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பாய் என்று உன் மகள் சொன்னாள். விசாவுக்கு அலைந்த நாட்களில் தொழிலுக்குப் போகாமல் இரவு நித்திரைக்குப் பழகின என் உடம்புக்கு அந்த நேரம் சாமம். நான் உனக்குச் செய்த வைத்தியத்தை எனக்கே செய்து பார்த்தேன். யன்னலுக்குப் போனால் சூரியனே இல்லை, வெள்ளையாகப் பனி கொட்டுகிறது. முகத்தைக் கழுவினேன், உள்ளேயே அங்குமிங்கும் நடந்தேன், கறுப்புக் கோப்பி குடித்தேன். பாழாய்ப்போன உடம்பு, ஒன்றுக்கும் மசியவில்லை. முதல் நாள் நீ கண் விழித்தபோது நான் கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம்.

மற்ற நாள் தொடையைக் கிள்ளிக் கிள்ளி முழித்திருந்தேன். நீ கண்ணைத் திறந்தாய், என்னைப் பார்த்தாய், சிரித்தாய்.

“அண்ணை, முகம் வாடிப்போச்சு. கொஞ்சம் கண்ணயருங்கோ. பிறகு கதைப்பம்.”

“இல்லை, நீ சொல்லு.”

“நான் எங்கை ஓடப்போறன்? படுங்கோ.”

ஒரு நிமிடம் என்று நினைத்துத்தான் கண்ணை மூடினேன். முழித்துப் பார்க்க வெளியே இருட்டியிருந்தது. உன் போர்வை என் மேல் கிடந்தது. நீ அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. அந்த ஒன்று என்னவென்று உன் மகளுக்கும் தெரியாது.

அடக்கம் முடிந்த பிறகு அவளைப் பிடித்து ஏசினேன். “ஏன் பிள்ளை என்னை எழுப்பேல்லை?” அவள் அழுதுகொண்டு சொன்னாள். “நான் எழுப்ப வந்தனான் மாமா. அம்மாதான் விடேல்லை.” ஒரு நேர்ஸ் உள்ளே வந்து உரத்துக் கதைத்தாளாம். நீ ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, வாயில் விரலை வைத்து, “சத்தம் போடாதேங்கோ, அண்ணை தொழிலாலை வந்து படுத்திருக்கிறார்” என்றாயாம். அந்த நேர்ஸ் பிள்ளைக்குத் தமிழ் விளங்கியிராது. விரல் விளங்கியிருக்கும்.

ஏனடி அப்படிச் செய்தாய்? ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து என் முகத்தில் ஊற்றச் சொல்லியிருக்கக் கூடாதா?

வெய்யிலும் கூழும் வேலை செய்கின்றன. முந்தநாள் மறுபடி கடலுக்குப் போனேன். விடிய வந்து படுத்தேன். முற்றத்தில் என் பேரப்பிள்ளைகள் கத்தி விளையாடின. உன் அண்ணி ஓடிப்போய், “சத்தம் போடாதேங்கோ, அப்பு தொழிலாலை வந்து…” என்று தொடங்கினாள். நான் பாயில் இருந்து எழும்பி வாசலுக்குப் போனேன்.

“கத்தட்டும் விடு. இனி எனக்கு ஆரும் ஏதும் சொல்ல வந்தால், நான் எந்த நித்திரையிலை கிடந்தாலும் எழுப்பிப்போடு” என்றேன்.