பக்கக் காற்றில் இறங்கிய விமானம்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்களும் குட்டியும் சுகம்தானே? உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

புதன்கிழமை எங்கள் சின்ன விமானத் திடலில் ஒரு விபத்து. பயப்படாதீர்கள், பழுதுபார்க்கும் கொட்டகையில் வேலையாக இருந்த என் மேல் தூசிகூடப் படவில்லை. பக்கவாட்டில் காற்று பேயாய் அடித்தது. இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று தரை தொட்டதும், காற்று அதை ஓடுபாதையிலிருந்து புல்லுக்குத் தள்ளிவிட்டது. ஒரு சக்கரம் முறிந்து, இறக்கை தரையில் உரசி நின்றது. முதலில் ஓடியவள் நான்தான்.

தனியாக ஓட்டி வந்த பெண்ணுக்கு உதட்டில் மட்டும் காயம். பெல்ட்டை அவிழ்த்து இறக்கினேன். உடனே என் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினாள்.

"அம்மா, ஏன் உன் குரல் நடுங்குது? அழுதியா?" என்று அவள் மகள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

உயிர் பிழைத்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? எனக்கு வயிறு எரிந்தது. போன வாரம் நம் குட்டி என் குரலைக் கேட்டுவிட்டு, "அத்தை, யாரோ பேசறாங்க" என்று போனை உங்கள் அக்காவிடம் நீட்டினாளே.

உங்கள் அக்கா அவளுக்கு ஊட்டட்டும், தூங்க வைக்கட்டும். தலையை மட்டும் நீங்களே பின்னிவிடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. புதுச் சட்டை எடுக்க அளவு தெரியவில்லை. அவள் போட்ட சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு ஏற்றிப் போகும் வண்டி வந்துவிட்டது. இதை உங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். நேற்றுதான் அவர்களுக்கு நன்றி சொல்லித் தனியாக எழுதினேன். அதுவும் பொய்யில்லை.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா