பார்க்காமல் எழுதிய ‘காணவில்லை’

அண்ணே,

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் என்னை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். “கடைசி வரி தெரியுதுங்களா ஐயா?” என்று கேட்டது அங்கிருந்த பெண். “நல்லாத் தெரியுதும்மா” என்றேன். “நான் இன்னும் லைட்டே போடலீங்களே” என்று அது சிரிக்க, கூட வந்த என் மகளும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இதே பொய்யை உங்களிடமும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அன்று சிரிக்க யாரும் இல்லை.

நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையேறும் கடைசி பஸ். ராத்திரி எட்டு மணிக்கு வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில் நிறுத்தினால் விடியக்காலை ஐந்துக்குத்தான் எடுக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் அந்த நைட் ஹால்ட்டைத் தண்டனை என்பார்கள். நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அந்த மாதிரி இருட்டு கீழே எங்கே கிடைக்கும்? சென்னையில் ஒரு வானியல் சங்கத்தார் நடத்திய முகாமுக்கு லீவு போட்டுப் போய், நீங்களே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கி கடைசி சீட்டுக்கு அடியில் கம்பளி சுற்றிப் படுத்திருக்கும். மலைக்காரர்கள் அதைப் பீரங்கி என்பார்கள். “இன்னிக்கி யாரச் சுடப் போறீங்க டிரைவரே?” என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

மிதுன ராசிப் பக்கம் ஒரு இடத்தை நாம் தினமும் பார்த்தோம். அங்கே நம் கருவிக்கு எதுவுமே தெரியாது. குள்ள நோவா என்று அதற்குப் பெயர் சொன்னீர்கள். “ரெண்டு நட்சத்திரம்யா. ஒண்ணு இன்னொண்ணுகிட்டருந்து உறிஞ்சிக்கினே இருக்கும். சேந்தது ஒருநாள் குப்புனு பத்திக்கும். நாலஞ்சு நாள் எரியும், அப்புறம் பழையபடி காணாமப் பூடும்.” எந்த வருஷம், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தினமும் பார்க்க வேண்டும். தெரிந்தால் எவ்வளவு வெளிச்சம் என்று எழுத வேண்டும், தெரியாவிட்டால் ‘காணவில்லை’. ஒருவர் கண்டதை மற்றவர் பார்த்து எழுதும்வரை சொல்லக் கூடாது என்பது உங்கள் சட்டம். சொன்னால் அடுத்தவன் கண்ணும் அதையே பார்க்குமாம். இருவரும் கண்டால்தான் காலையில் இறங்கி எஸ்.டி.டி. பூத்திலிருந்து சங்கத்துக்குச் சொல்வது. இரண்டு வருஷமாக என் நோட்டில் ‘காணவில்லை’யைத் தவிர வேறு சொல் இல்லை.

அது மாசி மாதம். நம் டியூட்டி வாரத்தின் கடைசி நாள். பாறை மேல் கருவியை வைத்துவிட்டு நீங்கள் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பார்த்தீர்கள். இறங்கி வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போய்ப் பாரு கண்டக்டரே” என்றீர்கள். அவ்வளவுதான். நான் ஏறினேன். நல்ல குளிர், மத்தியானத்திலிருந்து நின்றே வந்த கால். கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தேன். இத்தனை நாள் வராதது இன்றைக்கா வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். கண்ணை வைக்கவே இல்லை அண்ணே. டிக்கெட் கிழிக்காமல் ஒரு ஆளைக்கூட ஏற்றாதவன் என்று டிப்போவில் பேர் வாங்கியவன், பார்க்காமலே ‘காணவில்லை’ என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

“இன்னாய்யா, ஒண்ணுமே இல்லியா?”

“இல்லண்ணே.”

“நல்லாப் பாத்தியா?”

அந்தக் குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதாவது, பார்க்கவில்லை அண்ணே என்று சொல்லியிருக்கலாம். “ரெண்டு வாட்டி பாத்தேண்ணே” என்றேன். நீங்கள் பாறையை நோக்கி ஓடினீர்கள். ஏறி முடிப்பதற்குள் மூடுபனி வந்து வானத்தை அடைத்துவிட்டது. விடியும்வரை விலகவில்லை. உங்கள் நோட்டில் ‘கண்டேன்’ என்று எழுதி வெளிச்ச அளவும் போட்டிருந்தீர்கள். காலையில் பூத்தைத் தாண்டி வண்டி போனபோது நீங்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த வாரம் நமக்குக் கீழே டியூட்டி, அங்கே வாரம் முழுக்க மேகம். மறுபடி மலைக்குப் போனபோது அங்கே நிஜமாகவே ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து டீக்கடையில் சொன்னீர்கள். “டாக்டரப் பாத்தேன். கண்ணுல ஒரு கோளாறும் இல்லியாம்.” சந்தோஷமாகச் சொல்லவில்லை. “கண்ணு கெட்டிருந்தா கண்ணாடி போட்டுக்கலாம். இல்லாதது தெரியுதுன்னா இன்னாய்யா பண்றது? நாளைக்கு வளைவுல இப்டி எதுனா தெரிஞ்சா? அறுபது உசுர ஏத்திக்கினு போறேன்.” இனி வண்டி ஓட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டிப்போவுக்குள் டயர் பிரிவுக்குப் போய்விட்டீர்கள். பீரங்கியை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தீர்கள். ஓய்வு பெறும்வரை நீங்கள் பஸ் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. அந்தச் சித்திரையில் சங்கத்திலிருந்து உங்கள் பேருக்கு ஒரு செய்தி மடல் டிப்போவுக்கு வந்தது. கொடுத்துவிடுகிறேன் என்று நான்தான் வாங்கினேன். பிரித்தேன். நீங்கள் கண்டதற்கு மறுநாள், எங்கோ வெளிநாட்டில் ஒருவர் அதே இடத்தில் அதைக் கண்டிருக்கிறார், இன்னும் மூன்று பேர் உறுதி செய்திருக்கிறார்கள். உலகத்திலேயே முதலில் பார்த்தவர் டயர் பிரிவில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகுட்டிக்காரன், வெட்கம் கெட்டவன், அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உங்கள் முன்னாலேயே டீ குடித்தேன். சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் கிளம்பினேன். நீங்கள் திட்டினால் தாங்கியிருப்பேன். திட்டாமல் பார்ப்பீர்களே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் தியாகதுருகத்தில் உங்கள் காரியத்துக்கு வந்திருந்தேன். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “சாவுற வரைக்கும் உங்களத்தான் சொல்லிக்கினு இருந்தாருங்க. ‘எல்லாரும் எனக்காக ஆமாம்பானுங்க. அவன் ஒருத்தன்தான் இல்லாதத இல்லன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னான். அவனாலதான் அறுபது உசுரு பொழச்சிது’ன்னுவாரு. நீங்க நல்லா இருக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை அண்ணே. தலையாட்டினேன். உண்மை பேசுகிறவன் என்று நீங்கள் கொடுத்த பேரை உங்கள் வீட்டிலேயே வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். இன்னமும் நான்தான் அந்தப் பேரை வைத்திருக்கிறேன்.