ஜாய்சனுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

கிழக்கு தாம்பரம்
7 ஜூலை 2025

கர்த்தருக்குள் பிரியமான யூனிஸுக்கு,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய், அதனால் கூரியர். நீயும் ஜாய்சனும் உன் தம்பி வீட்டில் இன்னும் எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம்? இங்கே மூன்று வேளையும் எனக்கு ஹோட்டல் சாப்பாடு.

நம் மகன் சட்டைப் பையில் இருந்த வெள்ளைப் பொடியை நான் வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்யவில்லை. கல்லூரி லேபில் கோபால்ட் தயோசயனேட் விட்டுப் பார்த்தேன். ரோஸ் நிறக் கரைசல் பளிச்சென்று நீலமானது. கொக்கைனுக்கு அப்படித்தான் ஆகும். வருஷக்கணக்காகக் கெமிஸ்ட்ரி நடத்துகிறவன் நான். பெற்ற மனம் பதறித்தான், அவன் போதையிலிருந்து விடுபட எல்லோரும் ஜெபிக்கும்படி சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்தேன். அதில் என்ன தப்பு? மூடி வைத்தால் புண் ஆறுமா?

உன் கணவன்,
அசரியா


கீழ்க்கட்டளை
10 ஜூலை 2025

ஜாய்சன் அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் மகனுக்கு இந்த வயதிலும் மாத்திரை விழுங்க வராது. அலர்ஜிக்கு டாக்டர் கொடுத்த கேப்சூலைப் பிரித்து, பொடியைக் காகிதத்தில் மடித்து, ஆபீசில் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லி நான்தான் அவன் பையில் வைத்தேன். அவனும் உங்களிடம் அதைத்தான் சொன்னான். “நீலம் பொய் சொல்லாதுடா” என்று கத்தினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாஸ்டர் அவன் பெயரை வாசித்தபோது, அவனுக்கு நிச்சயித்திருந்த ஆஷாவின் அப்பா பின் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். சாயங்காலமே போன். “தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், பொண்ணோட லைஃப் இல்லையா?” மோதிரம் திரும்பி வந்துவிட்டது.

இத்துடன் அதே கேப்சூலை வைத்திருக்கிறேன். இதன்மேலும் உங்கள் கரைசலை விட்டுப் பாருங்கள். நீலமானால், அதே சபையில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். அதுவரை வீட்டுக்கு வரும் பேச்சே வேண்டாம். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு எழுதும் மாணவனுக்கு நீங்கள் எத்தனை மார்க் போடுவீர்கள்?

யூனிஸ்


கிழக்கு தாம்பரம்
21 ஜூலை 2025

பிரியமான யூனிஸுக்கு,

கேப்சூல் பொடியும் நீலமாகத்தான் ஆனது. சில மருந்துகளுக்கும் அப்படி ஆகும் என்று படித்ததுதான், பதற்றத்தில் தோன்றவில்லை. போகட்டும்.

நேற்று சபையில் பேசி, ஒருவருக்கும் தலைகுனிவு இல்லாமல் முடித்துவிட்டேன். டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கே சோதனை செய்யத் தெரியவில்லை என்று ஊர் பேசினால் என்னை யார் மதிப்பார்கள்? “சபையின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார், என் மகன் விடுதலையாகிவிட்டான்” என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆஷாவின் அப்பாவே கைகொடுத்து, “ஆறு மாசம் பாத்துட்டுப் பேசலாம் பிரதர்” என்றார். இனி என்ன கோபம்? சனிக்கிழமை இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து வந்துவிடுங்கள்.

அசரியா


கீழ்க்கட்டளை
23 ஜூலை 2025

அசரியா அவர்களுக்கு,

தொடாத போதையிலிருந்து என் பிள்ளையை மீட்டுவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பிரசங்க மேடையில் மறைத்து இப்போதுதான் பார்க்கிறேன்.

முதல் தடவை உங்களுக்குத் தெரியாது என்றாவது மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்தத் தடவை தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள். இனி அவன் ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சினாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

கடிதத்தை ஜாய்சனும் படித்தான். “விடும்மா, அவருக்கு அவர் பேர் முக்கியம்” என்றான். என்னால் விட முடியாது.

பாஸ்டரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் எனக்கு ஐந்து நிமிஷம் தருகிறார். கேப்சூலைப் பற்றியும் உங்களைப் பற்றியும் நானே சொல்லப்போகிறேன். நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். முடிந்ததும் நான் கீழ்க்கட்டளைக்குத்தான் பஸ் ஏறுவேன்.

யூனிஸ்