பெட்டிக்குள் விழுந்த கறுப்பு மணி

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேரம் ஆடி முடித்துக் காய்களை மரப்பெட்டியில் போடுகிறார்கள். ஒவ்வொன்றாக விழும் அந்தச் சத்தத்தில் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து அதிக நாளாகவில்லை. "இதுக்குப் போயி வேர்க்குதாக்கும்?" என்று கேட்க நீ இல்லை. கோபமாக இருக்கிறது, தெரியுமா? எதிலும் முந்திக்கொள்வதே உனக்குப் பிழைப்பு.

நம் சங்கத்தைப் பற்றி இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கடல் கடந்த நாட்டில், ரகசியச் சடங்குகளோடு கூடும் ஒரு சகோதரச் சங்கத்து ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கியதாம். ஐம்பதுகளின் கடைசியில் நாம் படித்த காலத்தில், மிசியம்மா ஒருவர் அதைக் கொடைக்கானலில் நடத்திவந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பலகை அடைத்த கூடம். வெள்ளைக் கவுன், தோளில் பட்டு நாடா, நடுவில் திறந்து வைத்த வேதப் புத்தகம். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு குணத்தின் பெயர். உன்னுடையது உண்மையின் நாற்காலி. அடுத்த வருஷம் தலைவி நீதான் என்பது முடிவான மாதிரி. நாயுடுபுரத்தில் உன் அப்பா, பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மேல்மலைப் பூண்டுக்காரர் மகள். மட்டக்குதிரையில் மூட்டை ஏற்றிச் சந்தைக்கு வரும்போதெல்லாம் அப்பா ஹாஸ்டலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் போன பிறகும் பூண்டு வாடை நிற்கும். எஸ்டேட் மேனேஜர் மகள் லில்லி எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுவாள். எங்கள் ஊர்ப் பிள்ளை எவளும் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. என் பெயரை முன்மொழிந்தது நீதான். விஷயத்தைச் சொன்னதும் அப்பா கவுனுக்கு வெள்ளைத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டார். அது வேறு பயம் எனக்கு.

பயப்படக் காரணம் இருந்தது. புதிதாக ஒருத்தியைச் சேர்ப்பதென்றால், துணி மூடிய பெட்டி ஒன்று கை மாறி வரும். உள்ளே கைவிட்டு வெள்ளை மணியோ கறுப்பு மணியோ போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் கதவு அடைப்பு. போட்டது யார் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. முடிவைச் சொல்லும் முன், போட்டவளே எழுந்து 'கை தவறிவிட்டது' என்று ஒப்புக்கொண்டால் பெட்டி இன்னொரு தடவை சுற்றும். ஆனால் கை தவறியவள் நாடாவைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் அவளுக்கு எந்தப் பதவியும் கிடையாது.

அன்று மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. புதுக் கவுனில் நான் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். மணிகள் விழுந்து முடிந்தன. மூடி திறக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒரு பேச்சும் இல்லை. அந்த மௌனத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் உன் குரல்.

"மிசியம்மா, கை தவறிருச்சுங்க. அந்தக் கறுப்பு நான் போட்டது."

"நன்றாக யோசித்துச் சொல்லு, பிள்ளை."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்."

நீயா? மறுபடியும் பெட்டி சுற்றியது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை செத்துப் பிழைத்தேன். கதவு திறந்தது. அத்தனையும் வெள்ளை. உள்ளே போனபோது உன் தோளில் நாடா இல்லை. புத்தகத்தின் மேல் கைவைத்து உறுதிமொழி சொன்னேன்.

திரும்பும் வழியில் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நெசமாவே நீதான் போட்டியா?"

"பெட்டிக்குள்ள போனது பெட்டியோட. வெரசா நட, மழ வருது."

அதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடிந்ததா? நீ போட்டிருக்க மாட்டாய் என்று பாதி மனசு சொல்லும். போட்டிருந்தால் என்று மீதி அரிக்கும். அந்த மீதியோடுதான் உன் கல்யாணத்துக்கு வந்தேன், உன் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

உன் அடக்கத்துக்கு லில்லி வந்திருந்தாள். கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். கல்லறையிலிருந்து திரும்பியதும் உன் வீட்டுப் பின்கட்டில் இருவருக்கும் காபி கொடுத்தார்கள். அவள் தம்ளரைத் தொடவில்லை.

"அன்னைக்கு அந்தக் கறுப்பப் போட்டது நான்டி. அவளுக்குத் தெரியும்."

உண்மையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு புளுகியிருக்கிறாய், படுபாவி. உன்மேல் எனக்குப் பொங்கிய அன்புக்கும் ஆத்திரத்துக்கும் அளவே இல்லை. இவ்வளவு காலமும் என்னைச் சந்தேகப்பட விட்டுவிட்டாயே!

"அப்பொறம் ஏன் ரெண்டாந்தடவ வெள்ளையப் போட்ட?" என்றேன்.

"பெட்டி சுத்துறப்ப அவ ஒவ்வொருத்தியாப் பாத்தா. என்னய மட்டும் பாக்கல. பாத்திருந்தா வீம்புக்காவது கறுப்பத்தான் போட்டிருப்பேன்."

லில்லி அழத் தொடங்கினாள். கேட்க என்னிடம் ஆயிரம் இருந்தது. முற்றத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். மாலைகளைக் கூட்டி அள்ளிய உன் மருமகளைப் பார்த்தேன். லில்லியை மட்டும் பார்க்கவில்லை.

"குடிடி, ஆறிப்போகும்" என்று தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.