உன் உலகத்தில் அப்பாவின் வரிசை எண்

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
22 நவம்பர் 2009, ஞாயிறு

சிரஞ்சீவி நரேனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய இடது முழங்காலும் என்னுடைய ஆபீசும் நீங்கலாக. டொரான்டோவில் நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. மின்னஞ்சல் இருக்கும்போது தபாலில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. எங்கள் இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் கணக்கு, அதை அப்பா தினம் மூன்று முறை திறந்து பார்க்கிறார், இதுவோ அவர் பார்க்கக் கூடாத விஷயம். குளிர் ஆரம்பித்துவிட்டது. ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று, கடையில் சிவப்புக் காரட் வந்துவிட்டது. மாடி வீட்டு ஜ்யோத்ஸ்னாவுக்கு குர்கான் கம்பெனியில் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு இப்போது ஆபீஸ் காரில் போகிறாள், அது எல்லோரையும் இறக்கிவிட்டு வருவதால் தினம் அரைமணி தாமதமாக வீடு வருகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மார்ச்சில் நீ வந்திருந்தபோது, ரிடையர் ஆன மனிதர் சும்மா உட்காரக் கூடாது என்று, நீயும் உன் சிநேகிதனும் நடத்துகிற அந்தக் கட்டை உலக விளையாட்டை அப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடி, மண்ணையும் கல்லையும் கட்டை கட்டையாகத் தோண்டி, மனசுக்குப் பிடித்ததைக் கட்டிக்கொள்ளலாம் என்றாய். அப்பா கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கும், மனையை யார் ஒதுக்குவது என்று. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு என்றாய். முப்பத்துநாலு வருஷம் சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பிரிவில் இருந்தவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாளே ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பலகையை நட்டு, யார் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்து, சீனியாரிட்டி லிஸ்ட் எழுதிவிட்டார். மாதம் இரண்டு மனை நீ திறப்பாய், லிஸ்டில் மேலே இருக்கும் இருவருக்கு அவை. எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. பிரேசில்காரன் ஒருவன் நன்றி கூடச் சொன்னான். ஆபீசில் இருந்தவரை அவருக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய சொந்த எண் பதினைந்து. முறை வரும்வரை ஏழு மாதம் தோண்டி இரண்டாயிரத்து முந்நூறு கல் சேர்த்துவைத்தார். டைப் ஃபைவ் குவார்ட்டர்ஸ் கட்டப் போகிறாராம், இரண்டு பால்கனியும் பின்பக்கம் வேலைக்காரருக்கு ஓர் அறையும் வைத்து. சர்வீஸில் அவர் கிரேடுக்கு அது கிடைக்காது.

நவம்பரில் முதல் பெயர் அவருடையது. அதற்குள் நீங்கள் பொன் அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். மாதம் பத்து டாலர் கட்டினால் பறக்கலாம், தோண்டாமலே கல் வரும், பிடித்த மனையை எடுத்துக்கொள்ளலாம். முதல் தேதி திறந்த இரண்டு மனையையும் ஒரு பொன் அட்டைக்காரன் மூன்றே நிமிஷத்தில் எடுத்து, பளிங்கில் ஒரு மாளிகை எழுப்பிவிட்டு, இன்றுவரை அதில் கால் வைக்கவில்லை. அப்பா பார்த்தார். அவுட் ஆஃப் டர்ன் அலாட்மென்ட், முறை தாண்டிக் கொடுக்கறது, இங்கேயும் வந்துடுத்து என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார். நரேனிடம் சொல்லுங்களேன் என்றேன். பிள்ளைகிட்ட சொன்னா அதுக்குப் பேர் சிபாரிசு என்றார். அதற்குப் பதிலாக, தான் யார் என்று காட்டிக்கொள்ளாமல், பொருள், பார்வை, பணிவுடன் எல்லாம் போட்டு உங்கள் புகார்ப் பெட்டிக்கு ஒரு மனு அனுப்பினார். பொன் அட்டை வாங்கிக்கொள்ளவும் என்று உன் சிநேகிதன் ஒரே வரியில் பதில் போட்டிருந்தான்.

அப்புறம் நான் செய்த காரியம். ஜ்யோத்ஸ்னா என்னிடம், மாமி, கோல்டு கார்டு வாங்கிட்டா மாமா பறக்கலாம், முட்டி வலி பிராப்ளமே இல்லே, என் கார்டுல ஜல்தி போட்டுடறேன் என்றாள். அவர் மகிழ்ந்துபோவார் என்று நினைத்து வாங்கிவிட்டேன், பொன் அட்டைக்கென்று ஒதுக்கியிருந்த நீரூற்று மனையையும் அவர் பெயரில் எடுத்தோம். மறுநாள் அவர் போய்ப் பார்த்தால் திரையில் அவருடைய பொம்மை ஆள் தரையிலிருந்து இரண்டடி மேலே நிற்கிறான். லிஸ்டில் அவருக்கு அடுத்தவள் ஒரு போலந்துக்காரப் பெண். அக்னியேஷ்கா என்ற பெயர் வாயில் நுழையாமல் அக்னி என்றுதான் கூப்பிடுவார். அவள், நீங்களுமா அங்கிள் என்று எழுதினாளாம். அப்பா என் பக்கம் திரும்பி, இதை யாரு உன்னைப் பண்ணச் சொன்னா வத்சலா, நாளைக்கு அந்தப் பலகை முன்னாடி நான் எப்படிப் போய் நிப்பேன் என்றார். இரண்டு நாள் பேச்சில்லை. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நீ மூன்றாவது படித்தபோது ரெண்டு ரூமில் கிடந்தோமே, அப்போதும் பெரிய குவார்ட்டர்ஸுக்காக ஒரு எம்.பி.யைப் பார்க்கச் சொன்னதற்கு இதையேதான் சொன்னார். அந்தத் தடவை பேசாமல் இருந்தது நான், ஒரு வாரம்.

அட்டையைத் திருப்பிக் கொடுக்க உங்கள் உலகத்தில் வழியே இல்லை என்று தெரிந்ததும், நீரூற்று மனையை அக்னிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பலகையில் தன் பெயரை மேலேயிருந்து அடித்து, கடைசியில் எழுதிக்கொண்டார். இப்போது அவர் எண் நாற்பத்தொன்று, முன்னால் நாற்பது பேர். பறக்க முடிந்தும் நடந்தே போகிறார். சேர்த்த கல்லை எண்ணிப் பார்த்து அடுக்கிவைக்கிறார்.

சர்வர் வாடகை கட்டுபடியாகவில்லை, பொன் அட்டை ஓடாவிட்டால் ஜனவரியில் மூடிவிடுவோம் என்று நீ போனில் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது, உலகத்தை நடத்தச் செலவாகும். வேண்டுமானால் அந்தப் பொம்மை ஆட்களுக்குத் தொப்பி விற்றுப் பார், கலர் கலராகச் சட்டை விற்றுப் பார், வாசலில் நட்டுக்கொள்ளக் கொடி விற்றுப் பார். சொக்காய் கலருக்கு எவன் எவ்வளவு கொடுத்தா எனக்கென்ன என்று அப்பாவே ஒரு நாள் சொன்னார். பறக்காத சிறகு இருந்தால் தான் முதலில் வாங்குவதாக ஜ்யோத்ஸ்னா சொல்கிறாள், அது அவளுக்கு அழகாக இருக்குமாம். வரிசையை மட்டும் விற்காதே. மாளிகைக்காரனுக்குக் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை, அவன் உன் வார்த்தையை நம்பிப் பணம் கட்டினான். ஆனால் டிசம்பரில் திறக்கும் மனைகள் பலகைப்படி போகட்டும்.

இருமலுக்கு மிளகு தட்டிப் போட்டுப் பாலைக் குடி. காதை மூடிக்கொண்டு வெளியே போ. இருக்கிற வேலையும் இருக்கிற சிநேகிதனும் உனக்கு நிலைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. மாதம் இரண்டு மனை, இடையில் யாரும் புகாமல் இருந்தால், அப்பாவின் முறை 2011 ஆகஸ்டில் வருகிறது. நாள்காட்டியில் குறித்தே வைத்திருக்கிறார். அவருக்கு அவசரமில்லை. அதுவரை நீ கதவைப் பூட்டாமல் இருந்தால் போதும்.

உன் அன்புள்ள அம்மா,
வத்சலா பத்மநாபன்