பிள்ளை கூட்டிய அத்தியாயம்

12-3-1971, வெள்ளி
காலையில் கண்ணம்மை ஆச்சி வந்தார். கையில் வாரப் பத்திரிகை. என் தொடர்கதையின் பதினோராம் அத்தியாயத்தில் விரலை வைத்திருந்தார்.

"நம்பித்தானய்யா சொன்னேன். பேர மாத்திட்டாப் போதுமா? ஊரே என்னையப் பாக்குது."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

14-3-1971
பதினாலு வருஷத்துக்கு முன் ஆச்சி பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டினார், அதாவது சுவீகாரம் எடுத்தார். பெற்றவர்கள் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஆறு வயது சத்தியமூர்த்தி தானே ஓடிவந்து ஆச்சி மடியில் உட்கார்ந்துகொண்டான். எல்லோரும் சிரித்தார்கள், கொடுக்கிற சடங்கை விட்டுவிட்டார்கள். போன வருஷம் இதைச் சொல்லும்போது ஆச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அப்படியே எழுதிவிட்டேன்.

கொடுத்து வாங்காமல் சுவீகாரம் செல்லாது - இதுவும் நான் எழுதியதுதான், என் சட்டப் புத்தகத்தில்.

நுணலும் தன் வாயால் கெடும். நான் பேனாவால் இன்னொருத்தியைக் கெடுத்தேன். படித்த முட்டாள்.

2-4-1971
ஆச்சியின் கொழுந்தனார் பெரியகருப்பன் வழக்குப் போட்டுவிட்டார். ஆச்சியின் மாமனார் பேரனுக்கென்று எழுதிவைத்த கானாடுகாத்தான் வீடு. என் அத்தியாயத்தைக் காட்டி, சுவீகாரம் செல்லாது, அப்படியொரு பேரனே கிடையாது என்கிறார்.

9-8-1973
எனக்குச் சம்மன். நான் ஆச்சியின் வக்கீல் இல்லை, வெறும் பழைய சட்டக் கல்லூரி வாத்தியார். சொல்ல மாட்டேன் என்று மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. முப்பது வருஷம் இதைத்தானே பாடம் நடத்தினேன்?

உண்மையைச் சொன்னால் அந்தப் பையன் ஆச்சிக்குப் பிள்ளையில்லை. பொய் சொன்னால் - நான் யார்?

23-8-1973
ஆச்சி கூண்டில் நிமிர்ந்து நின்றார். "பெத்தவுக தூக்கிக் குடுத்தாக. நான் வாங்கிக்கிட்டேன்."

அடுத்து நான். எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் படித்தவன். பத்திரிகையை நீட்டினான். "இது கேட்டு எழுதுனதா சார், கற்பனையா?"

"கற்பனை."

இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

1-11-1973
தீர்ப்பு. ஆச்சி ஜெயித்தார்.

3-11-1973
சட்டப் புத்தகத்துக்கு மறுபதிப்பு வேண்டாம் என்று பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். எந்த முகத்தோடு அதில் என் பெயரைப் போடுவது? இனிமேல் கதைதான். புளுகினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

11-11-1973, ஞாயிறு
சத்தியமூர்த்தி வந்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"ஆத்தாட்ட கேட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்கிறாக. நானா ஓடிப் போயி மடியில உக்காந்ததா எனக்கு நெனப்பு இருக்கு. அது நெசமாய்யா? இல்ல, ஒங்க கதையப் படிச்சதுல வந்த நெனப்பா?"

அப்பீலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இவன் வாயிலிருந்து வெளியில் ஒரு வார்த்தை போனாலும் ஆபத்து.

"கதைதான் தம்பி" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.